சாய்ந்த பலா மேல் ஒரு சிரிப்பு

2011 கடைசியில் கடலூர் மாவட்டத்தைப் புயல் புரட்டிப் போட்டதே, அதற்கு அடுத்த வாரம் நடந்தது இது. நான் அப்போது சிதம்பரத்தில் ஓர் உரக்கடையில் வேலை பார்த்தேன். எங்களுக்குக் கரண்ட் வந்துவிட்டது. பண்ருட்டிப் பக்கக் கிராமங்களில் இன்னும் இருட்டுதான்.

அந்த நேரத்தில் காடாம்புலியூரில் இருக்கும் என் நண்பன் நெட்டில் ஒரு படம் போட்டிருந்தான். வேரோடு சாய்ந்த பலா மரத்தின் மேல் கால் மேல் கால் போட்டுச் சிரிக்கிறான். கீழே 'எங்க வீட்டு புது சோபா' என்று எழுத்து. அதற்கு ஊர்ப்பட்ட லைக் வேறு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீ குடித்தால் படம், முடி வெட்டினால் படம் என்று போடுகிறவன்தான். அதற்காக இதிலுமா? நேரில் போய்த் திட்டியே தீருவது என்று ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்தேன்.

போய்ப் பார்த்தால், அவன் வீட்டுக்குக் கூரையே இல்லை. முந்திரித் தோப்பு மொத்தமும் படுத்துக் கிடந்தது. அவன் அம்மா தார்ப்பாய்க்கு அடியில் சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டா, இந்த லட்சணத்துல உனக்கு சோபா கேக்குதா?"

"கத்தாத மச்சான். அது அக்காவுக்குப் போட்டது" என்றான்.

அக்கா துபாயில் எட்டு மாதக் கர்ப்பம். முன்பு ஒருமுறை கலைந்திருக்கிறது. டிவியில் புயலைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் அழுதுகொண்டிருந்தாராம். பிள்ளைத்தாச்சியிடம் கெட்டது சொல்லக்கூடாதே. போனில் "மரம் மட்டும்தான் விழுந்தது" என்றால் நம்பவில்லை. அதனால் வீடு தெரியாதபடி ஒரு படம் எடுத்து, பண்ருட்டியில் ஜெனரேட்டர் ஓடிய கடைக்குப் போய் ஏற்றியிருக்கிறான்.

"அவுங்களுக்கு மட்டும் அனுப்பித் தொலைய வேண்டியதுதான? ஊரே பாக்கணுமா?"

"தனியா அனுப்புனா எதையோ மறைக்கிறோம்னு இன்னும் ஜாஸ்தி அழுவும். ஊருக்கே போட்டாதான் நெஜம்னு நம்பும். நீயே நம்பிட்டுதான மல்லுக்கட்ட வந்துருக்க."

அவனோடு சேர்ந்து தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன். அவன் அம்மா போட்ட சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பினேன்.

அக்காவுக்கு நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. அதற்குப் பிறகுதான் வீட்டைப் பற்றிச் சொன்னார்களாம்.

ஊரையே ஏமாற்றினான் என்ற கோபம் எனக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆனாலும் யாராவது பல்லைக் காட்டிப் படம் போட்டால், 'இவனுக்கென்ன குறை' என்று பழையபடி சட்டென்று சொல்ல வாய் வருவதில்லை. இதை யார் பார்க்கவேண்டும் என்று போட்டிருப்பான், படத்துக்கு வெளியே என்ன கிடக்கிறது என்றுதான் மனசு துருவிக்கொண்டு போகிறது.