ரேடியோவின் நட்சத்திரங்கள்

சட்டைத் தொழிற்சாலையின் மடிப்பறையில் அவளை எல்லோரும் ரேடியோ என்றே அழைத்தனர். அங்கே ஒரு நீண்ட மேசையைச் சுற்றி நின்று ஐந்து பெண்கள் சட்டைகளுக்கு அட்டை வைத்து, மடித்து, உறையிலிடுவார்கள். அவர்களுள் அவள் மட்டும் மடிப்பதில்லை. நூலகப் புத்தகம் ஒன்றை உரக்கப் படிப்பாள். அவளுடைய பங்கை மற்ற நால்வரும் மடித்துவிடுவார்கள். மேசையின் கணக்குக் குறையாதவரை மேற்பார்வையாளரும் கண்டுகொள்ளவில்லை.

அவளுக்கு ஓர் ஏக்கம் இருந்தது. நூலகத்தின் கண்ணாடி அலமாரியிலுள்ள தடித்த நூல்களை அங்கேயே அமர்ந்துதான் படிக்க வேண்டும். அவளுக்கு வாய்ப்பதோ ஞாயிறு காலை மட்டும். கடற்பயணங்களைப் பற்றிய பெருநூலொன்றில், கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்புவதற்குள் நூலகம் மூடும் மணி அடித்துவிடும்.

அவ்வாண்டு நூலகர் ஒரு வாசிப்புப் போட்டியை அறிவித்தார். படித்து முடிக்கும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் சுவர் அட்டவணையில் ஒரு நட்சத்திரம் ஒட்டப்படும். ஆண்டிறுதியில் முதலிடம் பெறுபவர் கண்ணாடி அலமாரி நூல்களை வீட்டுக்கே எடுத்துச் செல்லலாம். ரேடியோ உலை கொதிக்கும்போதும் படித்தாள். பேருந்துக்குக் காத்து நிற்கும்போதும் படித்தாள்.

"அந்த நட்சத்திரத்த நம்ம வீட்டுக் கூரையில ஒட்டச் சொல்லு, கரண்டாவது மிச்சமாகும்" என்றான் கணவன்.

ஆண்டிறுதி நெருங்கிய ஒரு ஞாயிறன்று அட்டவணையைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முதலிடத்திலிருந்த அவளுடைய வரிசையின் மீது சிவப்புக் கோடு. அடியில், புதிதாகச் சேர்ந்த நான்கு பெயர்களின் மீதும் அதே கோடு. மடிப்பறைத் தோழிகள் நால்வரும் அவளிடம் சொல்லாமல் பதிவுசெய்து, ஆண்டு முழுவதும் காதால் கேட்ட புத்தகங்களையெல்லாம் படித்ததாக எழுதிக் கொடுத்திருந்தனர்.

"ஒரே புத்தகத்த ஒரே வாரத்துல அஞ்சு பேரு எப்படிம்மா படிப்பீங்க? யார ஏமாத்தப் பாக்குறீங்க?" என்றார் நூலகர்.

"நான் படிச்சேன் சார். அவங்க கேட்டாங்க."

"கேட்டதெல்லாம் கணக்குல வராது. அவங்க படிக்கல, பொய் சொல்றாங்கன்னு எழுதிக் குடு. உன்னோடத மட்டும் திரும்பச் சேத்துக்கறேன்."

மறுநாள் அவள் புத்தகத்தைத் திறக்கவில்லை. மேசைமேல் ஓங்கி வைத்தாள்.

"யாரக் கேட்டு எழுதிக் குடுத்தீங்க? வருஷம் பூரா நான் தொண்டை கிழியப் படிச்சது உங்களுக்கு ஓசியில நட்சத்திரம் வாங்கவா?"

அவர்களுள் மூத்தவளான பொத்தான் அக்கா கையிலிருந்த சட்டையைக் கீழே வைக்கவில்லை.

"ஏன்டி, வருஷம் பூரா உன் சட்டைய யாரு மடிச்சா? அது உன் கணக்குல ஏறலையா? நாங்க மடிச்சது நீ மடிச்சதுன்னா, நீ படிச்சது நாங்க படிச்சதுதான்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா குறுக்க விழுந்திருப்ப."

அன்று முழுவதும் அவளும் சட்டைகளையே மடித்தாள். மடித்தவை அனைத்தும் கோணலாக இருந்தன. பொத்தான் அக்கா அவற்றைப் பிரித்துத் திரும்ப மடித்து வைத்தாள். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு இன்னும் எரிந்தது. எனினும், அந்தச் சினம் திரும்பவேண்டியது தோழிகள் மீதன்று, கோடு போட்டவர் மீதே என்று மாலைக்குள் அவளுக்குத் தெளிவாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு நூலகர் வெள்ளைத்தாளை நீட்டினார். அவள் அதைத் தொடவில்லை.

"எழுத மாட்டேன். கோடு கோடாவே இருக்கட்டும்."

"அப்ப அலமாரி உனக்குக் கிடையாது."

"வீட்டுக்குத்தானே கிடையாது? இங்க உக்காந்து படிக்கலாம்ல? அந்தக் கப்பல் புத்தகத்த எடுங்க."

அவள் நடு மேசையில் அமர்ந்தாள். அவள் வரச் சொல்லியிருந்த மடிப்பறைத் தோழிகள் நால்வரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தனர். தொழிற்சாலைத் தையல் இயந்திரங்களின் இரைச்சலைத் தாண்டிப் பழகிய குரலில் அவள் முதல் வரியைத் தொடங்கினாள். செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர்கள் தலைநிமிர்ந்தார்கள். நூலகர் விரைந்து வந்து, சுவரிலிருந்த 'அமைதி காக்கவும்' என்ற பலகையைத் தட்டிக் காட்டினார்.

"கேட்டதெல்லாம் கணக்குல வராதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? இதயும் யாரும் கேக்கலன்னே வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.