பின்கதவை மறித்த பெட்டிகள்

விழுப்புரம் பேருந்து நிலையத்தில் திண்டிவனம் வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது போன் வந்தது. "மேடம், கலாவதி மேடம் போயிட்டாங்க" என்றாள் எங்கள் மாணவி புவனா. போனை முன்சீட்டுக் கம்பியில் ஓங்கி அடித்தேன். கண்ணாடி நொறுங்கி உள்ளங்கையைக் கிழித்தது. "இன்னா மேடம், பைத்தியமா உனக்கு?" என்றார் கண்டக்டர். ஆமாம் என்றேன். பதினொரு நாளாக நினைவில்லாமல் கிடந்தவரைப் பார்க்கத்தான் அன்றும் கிளம்பியிருந்தேன்.

எங்கள் நர்சிங் கல்லூரியில் ஒன்பது ஆண்டுகள் என்னோடு பாடம் எடுத்தவர் கலாவதி மேடம். அனந்தபுரம் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடும் குடும்பத்தில் பிறந்தவர். கோபம் மூக்குக்கு மேல் வரும். சாந்தமே உருவானவர் என்று யாராவது இரங்கல் கூட்டத்தில் பேசினால், எழுந்து வந்து அறைந்துவிட்டுப் போவார்.

நார்வே நாட்டு நர்சிங் மாணவர்களோடு இணையவழிக் கூட்டு வகுப்பைத் தொடங்கியவர் அவர்தான். எங்கள் பிள்ளைகள் நால்வர், அவர்களில் நால்வர், ஒரு குழு. ஒரே பிரச்சினையை இரண்டு ஊர் ஆஸ்பத்திரியிலும் எப்படிச் சமாளிப்பார்கள் என்று பேசி, சேர்ந்து ஒரு திட்டம் எழுத வேண்டும். முதல் வகுப்பில் எங்கள் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் "யெஸ் மேடம்" என்றார்கள். கலாவதி மேடம் மேசையில் குத்திய குத்தில் தண்ணீர் பாட்டில் உருண்டது. "இன்னாத்துக்குத் தலைய ஆட்டிக்கினு இருக்கீங்க? அவங்க சொல்றது தப்புன்னா தப்புன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுங்கடி!" தமிழ் புரியாத அந்த ஊர் ஆசிரியை திரையில் மிரண்டு போய்ப் பார்த்தார்.

நான்காவது வகுப்பின் பொருள், நர்சுகள் மேல் விழும் அடி. புவனா சட்டைக் கையை மடித்து, ஒரு நோயாளியின் அண்ணன் கடித்த தழும்பைக் கேமராவுக்குக் காட்டினாள். கும்பல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று இங்ரிட் என்ற பெண் கேட்டாள். முன்கேட்டை இழுத்துப் பூட்டுவோம் என்றார்கள் எங்கள் பிள்ளைகள். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். "பூட்டிய பிறகு நீங்கள் எந்த வழியாக வெளியே போவீர்கள்?" என்றாள் இங்ரிட்.

எங்கள் பிள்ளைகள் பயிற்சிக்குப் போகும் திண்டிவனம் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் பின்கதவு ஒன்று உண்டு. அதை மறித்துக் குளுக்கோஸ் பெட்டிகள் அடுக்கியிருக்கும். மறுநாள் காலையிலேயே கலாவதி மேடம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அத்தனையையும் வராந்தாவுக்குத் தள்ளினார். மேலாளர் சத்தம் போட்டார். "உன் பொட்டி பெருசா, என் புள்ளைங்க உசுரு பெருசா?" என்று அதைவிடச் சத்தமாகக் கத்தினார் இவர். அன்றைக்குக் கதவு திறந்தது.

இனி எழுதப்போவது என் யோக்கியதை. அடுத்த மாதம் எங்கள் பயிற்சி இடத்தைப் பார்க்க ஆய்வுக்கு ஆட்கள் வருவதாகச் சொன்னார்கள். வராந்தா பார்க்கச் சகிக்கவில்லை என்று பெட்டிகளை மறுபடி பின்கதவோரம் அடுக்க வைத்தவள் நான். ஆய்வு முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். முடிந்தது. எடுக்கவில்லை. அவரிடம் சொல்லவும் இல்லை.

அதன் பிறகு ஒரு நாள் காலை பத்து மணி. நெடுஞ்சாலையில் லாரி மோதிய இளைஞன் ஒருவனைத் தூக்கி வந்தார்கள். வரும்போதே உயிர் இல்லை. டாக்டர் அதைச் சொன்னதும் வெளியே நின்ற கூட்டம் கல்லை எடுத்தது. வாட்ச்மேன் வழக்கம்போல் அவசரப் பிரிவின் இரும்புக் கேட்டைப் பூட்டிவிட்டு ஓடினார். உள்ளே நோயாளி வேறு யாருமில்லை. டாக்டரோடு கலாவதி மேடமும் நானும், ஏழு மாணவிகளும். ஜன்னல்கள் சிதறின. டாக்டரின் நெற்றி பிளந்து ரத்தம் கொட்டியது. கேட்டின் கீல் பெயரத் தொடங்கியது.

"மேரி, புள்ளைங்கள இட்டுக்கினு பின்னால போ!" என்றார் கலாவதி மேடம் என்னிடம். திரும்பியவர் பெட்டிகளைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். திட்ட நேரமில்லை. ஸ்ட்ரெச்சரைக் கேட்டுக்குக் குறுக்கே தள்ளி, அதன் பின்னால் நின்றுகொண்டார்.

நாங்கள் பெட்டிகளை இழுத்தோம். நகம் பிய்ந்தது. பின்னால் இரும்பு விழும் சத்தம், கெட்ட வார்த்தைகள். அதற்கு நடுவே அவர் குரல்: "கதவு தொறந்துச்சா?" இன்னும் மூன்று பெட்டிகள் இருந்தன. "மேரி, தொறந்துச்சாடி?" ஒன்பது ஆண்டில் என்னை 'டி' போட்டது அந்த ஒரு தடவைதான். கதவைத் திறந்து ஏழு பிள்ளைகளையும் டாக்டரையும் வெளியே தள்ளிவிட்டுத் திரும்பினேன். குளுக்கோஸ் ஸ்டாண்டால் அவர் தலையில் அடித்திருந்தார்கள். நாங்கள் பெட்டி இழுத்த நேரம் முழுக்க அவர் தனியாக நின்றிருக்கிறார்.

அடித்தவர்களைத் தூக்கில் போட வேண்டும் என்று ஊர் பேசுகிறது. எனக்கும் வெறி இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டிகளை அடுக்க வைத்தது அவர்களல்ல.

நேற்று கூட்டு வகுப்பு நடந்தது. நடந்ததை நான் அப்படியே சொன்னேன், பெட்டி வைத்தது யார் என்பது உட்பட. இங்ரிட் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். புவனா அழவில்லை. மேசையில் ஓங்கிக் குத்தி, "மேடம், நீங்க செஞ்சது தப்பு" என்றாள், என் மூஞ்சிக்கு நேராக. கலாவதி மேடம் எதிர்பார்த்த மாணவி நேற்றுதான் வாயைத் திறந்தாள்.

வகுப்பு முடிந்ததும் திண்டிவனம் போனேன். அந்தப் பின்கதவைக் கீலோடு கழற்றி எடுக்கும்வரை ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை. இப்போது அங்கே வெறும் வாசல்தான் இருக்கிறது. நீங்கள் கேட்டதற்கு அன்று நான் பதில் சொல்லவில்லை, கலா மேடம். தொறந்துடுச்சி. புள்ளைங்க எல்லாம் வெளிய வந்துட்டாங்க. நீங்க போய்ட்டு வாங்க.