பத்தாயிரத்து ஏழின் தலைப்பு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று என் கணவர் சொல்வார். பொய்யில்லை. எழுவைதீவில் கணிதம் படிப்பிக்கிறேன். ஊர்காவற்றுறையிலிருந்து காலை வள்ளத்தைத் தவறவிட்டால் அன்றைய நாள் போச்சு.

பாரிசவாதம் வந்து இடது கை விழுந்தபின் இவர் கடலுக்குப் போவதில்லை. தலை தெளிவென்றால் கரையில் மீன் பங்கு பிரிக்க வரலாம் என்று கூட்டாளிகள் சொல்லியிருந்தார்கள். கணக்குச் செய்யக் கொடுத்துப் பாருங்கள் என்றார் டொக்டர். வள்ளத்துக்கு ஓடுகிற அவசரத்தில் என் பழைய கொப்பி ஒன்றை இவர் முன்னால் போட்டேன்.

"இதிலை இருக்கிற கணக்குகளைச் செய்யுங்கோ."

இரண்டு கிழமை கழித்துத்தான் திறந்து பார்த்தேன். இருபது கணக்குகளில் ஒன்றையும் தொடவில்லை. பக்கம் பக்கமாக 10007 என்ற ஒரே எண்ணைப் பிரித்துத் தள்ளியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களுக்கென்ன விசரே? மற்றதெல்லாம் அப்பிடியே கிடக்கு."

இவர் கதிரையில் அசையாமல் இருந்தார். "முதல் கணக்கே ஏலாமல் கிடக்கு. எதாலை பிரிச்சாலும் மிஞ்சுது. என்ரை தலை போச்சுது, இஞ்சரும். டொக்டரிட்டைச் சொல்லிப்போடும்."

வாய்க்கணக்கிலேயே ஒரு வள்ளத்து மீனைப் பங்கு பிரித்த மனிதர்.

கொப்பியின் முதல் பக்கத்தைப் பார்த்தேன். வகுப்புக்காக எப்போதோ எழுதி அடிக்கோடிட்ட தலைப்பு: "10007 - முதன்மை எண்." ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் மீதியின்றிப் பிரிபடாத எண்ணுக்கு எங்கள் பாடப்புத்தகம் வைத்த பெயர். இவர் அதை முதலில் செய்யவேண்டிய பிரதான கணக்கு என்று எடுத்துவிட்டார். தமிழ்நாட்டில் பகா எண் என்பார்கள். அப்படி எழுதியிருந்தால் இவர் பென்சிலையே தொட்டிருக்கமாட்டார்.

பக்கம் பக்கமாகத் திருத்தினேன். ஏழுக்கு மீதி நான்கு, சரி. பதின்மூன்றுக்குப் பத்து, சரி. மூன்று, ஐந்து, இருபத்துமூன்று, இருபத்தொன்பது எல்லாவற்றுக்கும் மீதி இரண்டு, அவையும் சரி. நூறோடு நிறுத்தியிருக்கலாம், நூறுக்கு மேலே ஒன்று மீதியின்றிப் பிரிக்குமென்றால் அதோடு பெருக்குப்படும் சோடி எண் நூறுக்குள்ளேயே அகப்பட்டிருக்கும். அது தெரியாமல் நூற்றிருபதுவரை போயிருந்தார். ஒரு மீதிகூடப் பிழையில்லை.

"இது ஒண்டாலும் பிரிபடாத எண். நீங்கள் செய்தது முழுக்கச் சரி."

"அப்ப என்ரை தலை?"

"தலை சரி. தலைப்புத்தான் பிழை. அது நான் எழுதினது."

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர் கொப்பியை வாங்கி மூடினார்.

"நாளைக்குப் பிரிபடுற எண்ணாய் ஒண்டு தாரும். ஓடுற ஓட்டத்திலை இல்லை, பக்கத்திலை இருந்து எழுதித் தாரும்."

"ஓம்" என்றேன். அடுத்த நாள் வள்ளத்தைத் தவறவிட்டேன்.