வெல்டரின் மூக்கு

என் வீட்டுக்காரர் படகு பழுதுபார்க்கும் பட்டறையில் வெல்டர். இருபத்திரண்டு வருடமாக அங்கே இரும்போடு மல்லுக்கட்டுகிறார். சட்டையெல்லாம் பொறி பட்ட ஓட்டை, நான் தைத்துத் தைத்து ஓய்ந்துவிட்டேன். ஆனால் அந்தப் பட்டறையில் அவரைப் பற்றி யாரிடம் கேட்டாலும், "யாரு, சிப்பி சுடுவாரே, அவரா?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்கோ வாயெல்லாம் பல்.

வருடத்தின் கடைசிப் படகு தண்ணீரில் இறங்குகிற அன்று மத்தியானம், பட்டறை விருந்தில் நூற்றைம்பது பேருக்கு அவர்தான் சிப்பி சுடுவார். நாலு பக்கமும் செங்கல், மேலே கதவு அகலத்துக்கு ஓர் இரும்புத் தகடு, கீழே விறகு. தகடு காய்ந்ததும் சிப்பியை ஓட்டோடு கொட்டி, கடல் தண்ணீரில் நனைத்த சாக்கைப் போட்டு மூடுவார். குப்பென்று ஆவி கிளம்பும். அதை மோந்து பார்த்த பிறகுதான் கரண்டியைக் கையில் எடுப்பார். ஏனென்றால் செத்த சிப்பி சிலது சேறு நிரம்பி, உயிருள்ளது போலவே இறுக மூடிக் கிடக்கும். கண்ணை ஏமாற்றிவிடும். சூடு பட்டதும் வருகிற நாற்றம்தான் அதைக் காட்டிக் கொடுக்கும். தெரியாமல் தின்றால் மூன்று நாளைக்குக் கக்கூஸே கதி.

போன வருட விருந்து முடிந்த வாரமே அவருக்குக் கடுங்காய்ச்சல். காய்ச்சல் போகும்போது மோப்பத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. எனக்கு எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? ஒருநாள் பால் தீய்ந்து தெருவே நாறுகிறது, இவர் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஹாயாகப் பேப்பர் படிக்கிறார்! நான் போட்ட கூச்சலில்தான் உண்மை வெளியே வந்தது. டாக்டரும், வந்தாலும் வரும், வராமலும் போகும் என்று கையை விரித்துவிட்டார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதே," என்றார். "தெரிஞ்சா ஃபோர்மேன் கரண்டியை வேற யார் கைலயாவது குடுத்துடுவார்."

"குடுக்கட்டுமே! விட்டது தொல்லைன்னு இருங்க."

எழுந்து போய்விட்டார். தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. என்ன இருந்தாலும் மனசு கேட்குமா?

ஆகவே இந்த வருடம் அவருக்கு மூக்காக நான் போனேன். தட்டு அடுக்குகிற சாக்கில் தகட்டுக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். நாற்றம் அடித்தால் இரும வேண்டும். தகட்டில் கிடக்கிற அந்த ஈடு முழுவதையும் அவர் பக்கத்தில் வெட்டிய குழியில் தள்ளிவிடுவார். புகைக்குள் நிற்கிறவளுக்கு இருமல்தான் அடையாளமாம்! புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த யோசனை இது. எங்களை என்ன சொல்ல!

மூன்று ஈடு பிசகில்லாமல் போனது. நாலாவது ஈட்டில் காற்று திரும்பியது. புகை மொத்தமும் என் முகத்தில். லொக்கு லொக்கென்று இருமுகிறேன், நிறுத்த முடியவில்லை. அவர் முகம் சுண்டிப்போனது. அவ்வளவு சிப்பியையும் குழியில் தள்ளினார். ஐயோ, அது நல்ல சிப்பி என்று சொல்ல வாயைத் திறந்தால் மறுபடி இருமல். அடுத்த ஈடும் குழிக்குப் போனது.

"யோவ், விருந்து எங்களுக்கா, குழிக்கா?" என்று வரிசையில் நின்ற ஃபிட்டர் கத்தினார். தட்டுகளைத் தட்டி ஆளாளுக்குச் சத்தம் போட, ஃபோர்மேனே வந்துவிட்டார்.

"என்னய்யா பண்றே? நல்லாத்தானே இருந்துச்சு?"

இவர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "எனக்கு மோப்பம் போயிடுச்சு சார். ஒரு வருஷமாச்சு. இவதான் மோந்து பாத்துச் சொல்றா."

ஃபோர்மேன் கையை நீட்டினார். இவர் கரண்டியைக் கொடுத்துவிட்டு, வெறும் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றார். எல்லாம் இந்தப் பாழாய்ப்போன இருமலால் வந்தது.

ஃபோர்மேன், அதற்குள் தகட்டில் ஏறியிருந்த அடுத்த ஈட்டின் மேல் கிடந்த சாக்கைத் தூக்கினார். வாய் திறந்திருந்த சிப்பி ஒன்றைக் கரண்டியால் எடுத்து, ஊதி, அப்படியே வாயில் போட்டுக்கொண்டார்.

"சார்! அதை நான் இன்னும் மோந்து பாக்கவே இல்லையே!" என்று அலறிவிட்டேன்.

நிதானமாக மென்று விழுங்கினார். கரண்டியை என் வீட்டுக்காரர் கையில் திருப்பித் திணித்தார். "இன்னும் நூறு பேர் நிக்கிறாங்க. ஆகட்டும், போடு." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ காத்துக்கு இந்தப் பக்கம் வந்து நில்லும்மா. அங்க நின்னா யாருக்குத்தான் இருமல் வராது?"

வரிசையில் சிரிப்பு வெடித்தது. இவரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அடுத்த கூடையைத் தகட்டில் சடசடவென்று கொட்டிச் சாக்கைப் போட்டார். ஃபிட்டர் அவசரமாகத் தட்டை நீட்ட, மோப்பம் போனதைப் பற்றி ஒரு வருடமாக வாயைத் திறக்காத என் வீட்டுக்காரர் பட்டறை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

"தட்டை எடுய்யா! என் பெண்டாட்டி மோந்து பாத்துச் சரின்னு சொல்லட்டும், அப்புறம் நீட்டு!"