மே/பா பாக்கர் டீக்கடை

கருவக்குடி விலக்கில் டீக்கடை வைத்திருந்த பாக்கருக்குக் கடிதம் எழுத உலகத்தில் ஆள் கிடையாது. ஆனால் அவர் கடைக்கு வந்த அளவுக்குத் தபால் அந்தப் பக்கத்தில் எந்த வீட்டுக்கும் வந்ததில்லை.

சாயல்குடி சாலையில் பஸ் நிற்கிற இடம்தான் விலக்கு. ஊர் அங்கிருந்து கரிசல் காட்டுக்குள் இரண்டு மைல். மழை பெய்தால் சைக்கிள் போகாது. பெய்யாவிட்டால் தபால்காரர் போகமாட்டார். வீடுகளுக்குக் கதவு எண் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு கதவிலும் மூன்று இருந்தன: வரிக்கு ஒன்று, வாக்காளர் பட்டியலுக்கு ஒன்று, கொசு மருந்து அடிக்க வந்தவர் கரியால் கிறுக்கியது ஒன்று. மூன்றுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அதனால் ஊரே ஒரு விலாசத்துக்குக் குடிபோனது: மே/பா பாக்கர் டீக்கடை, கதவு எண் 1, கருவக்குடி விலக்கு.

ஏர்வாடியிலிருந்து 1981இல் வந்து கடை போட்டவர் பாக்கர். பாய்லருக்கு மேலே ஒரு கம்பி கட்டி, துணிக் கிளிப்பில் கடிதங்களைத் தொங்கவிட்டிருந்தார். யாருடையதையும் பிரித்ததில்லை. எழுத்துத் தெரியாதவர்கள் கெஞ்சினாலும், "நீயே பிரி, பெறகு நான் வாசிக்கிறேன்" என்பார்.

காலை டீக்கு வரும் சம்சாரி கூத்தையாவுக்கு இதில் தீராத வேடிக்கை. "வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாக்கூட ஒனக்குக் கண்ணு அவிஞ்சிருமாக்கும் மாப்ள."

"அமானிதம் மாமா. ஒருத்தன் நம்பி ஒப்படைச்சதத் தொட்டா நாளைக்கு மேல பதில் சொல்லணும்."

"மேல கேக்குறப்ப சொல்லிக்கிரு. இப்ப டீயில சீனியப் போடு."

அந்தக் கம்பியை எல்லோரையும்விட அதிகம் பார்த்தவள் முத்தழகு. ஆசிரியப் பயிற்சி முடித்து 1990இல் அரசாங்க வேலைக்குப் பதிந்து வைத்தவள். பதிந்த வரிசைப்படிதான் கூப்பிடுவார்கள். நேர்முகக் கார்டு வரும்வரை சும்மா இருப்பானேன் என்று வாலிநோக்கம் உப்பளத்துக்குப் போனாள். பதினாறு வருஷம் போனாள். பெண் கேட்டு வந்த இரண்டு பேரிடமும் அவள் அய்யா, "கார்டு வரட்டும்" என்றார். மூன்றாவதாக யாரும் வரவில்லை. பிறகு அய்யாவும் போய்ச் சேர்ந்தார். சாயங்காலம் உப்பள வேனை விட்டு இறங்கியதும் அவளுக்கு ஒரே கேள்விதான்.

"இருக்காண்ணே?"

"இல்ல தாயி."

அதற்குப் பிறகே டீ.

2006இல் வேலைவாய்ப்புப் பதிவு அலுவலகத்துக்கு விலாசங்களைச் சரிபார்க்கும் மென்பொருள் ஒன்று வந்தது. தபால் தவறிப்போய் ஏழைகள் பாதிக்கப்படக்கூடாது என்பது நோக்கம். கெட்ட நோக்கத்துக்கு அரசாங்கம் அவ்வளவு மெனக்கெடாது. அந்த மென்பொருள், கருவக்குடி விலக்கு கதவு எண் ஒன்றில் நாற்பத்தொரு பேர் குடியிருப்பதைக் கண்டுபிடித்தது. அத்தனை பேரையும் ஒரே குடும்பமாக்கி, பட்டியலில் முதலில் நின்ற இருளம்மாள் பெயருக்கு ஒரே ஒரு பதிவுத் தபால் அனுப்பியது.

ஐப்பசியில் அது வந்தது. பாக்கர் கையெழுத்துப் போட்டு வாங்கினார். இருளம்மாள் கல்யாணமாகித் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாள். அங்கே அவளுக்கு லைன் வீடு மாறிக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கம் போன ஒருவனிடம் சொல்லியனுப்பிவிட்டு, உறையைக் கிளிப்பில் மாட்டினார்.

முத்தழகு அன்றைக்கே பார்த்துவிட்டாள். "கவர்மெண்டு முத்திரையாட்டம் இருக்கு. எனக்காண்ணே?"

"இருளம்மாளுக்குத் தாயி."

"குடுத்து வச்சவ. பள்ளிக்கூடத்துல என்னையப் பாத்து எழுதுனவ."

நான்கு மாதம் அந்த உறைக்குக் கீழே உட்கார்ந்துதான் அவள் டீ குடித்தாள். ஒருநாள் அதில் ஒட்டடை படிந்திருக்க, எழுந்து போய் முந்தானையால் துடைத்துவிட்டு வந்தாள்.

மாசிச் சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட வந்த இருளம்மாள் கடை வாசலிலேயே பிரித்தாள். இரண்டாம் தாள் முழுக்கப் பெயர்கள். "ஏண்ணே, இதுல நம்ம ஊரே இருக்கே." முப்பது நாளுக்குள் ஒவ்வொருவரும் தத்தம் விலாசத்தை உறுதிசெய்ய வேண்டும், தவறினால் பதிவு ரத்து. முத்தழகு முப்பத்தொன்பதாவது.

மறுநாள் பாக்கர் கடையைப் பூட்டிவிட்டு அவளோடு ராமநாதபுரம் போனார். பதிவு அலுவலகத்தில் வீரலட்சுமி என்ற பெண், மரியாதை தெரிந்தவள், உட்காரச் சொல்லித் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"தொண்ணூறு வரைக்கும் பதிஞ்சவங்களுக்குத் தை மாசமே கார்டு போயிருச்சுக்கா. ஒங்க பேரு அதுக்கு முன்னாடியே எடுபட்டுப்போச்சு." பிறகு பாக்கரைப் பார்த்தாள். "தபால் திரும்பி வந்திருந்தா, விலாசம் தப்புன்னு நாங்களே கையால சரிபண்ணியிருப்போம் பாய். இது சேந்திருச்சு. கையெழுத்து ஒங்களோடதுதானே?"

"என்னோடதுதான்."

"பிரிச்சுப் பாத்திருக்கலாம்ல?"

அதற்கான பதிலை இருபத்தைந்து வருஷமாக மேலே சொல்வதற்காக வைத்திருந்தார் பாக்கர். இங்கேயே கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியாது.

புதிதாகப் பதியலாம் என்றாள் வீரலட்சுமி, இன்றைய தேதியில். பழைய விலாசத்தை மென்பொருள் வாங்க மறுத்தது. வீட்டுக் கதவு எண் கேட்டது. முத்தழகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். வரி எண்ணும் வாக்காளர் எண்ணும் தள்ளுபடியாகி, கொசு மருந்துக்காரரின் கரி எண் மறுபேச்சில்லாமல் ஏறியது. அது போன மழையில் கரைந்துபோன எண். அந்தக் கதவுக்குத் தபால்காரர் ஒருநாளும் வரப்போவதில்லை. விலாசம் சரி என்று திரையில் பச்சையாக விழுந்தது.

திரும்பும்போது பஸ் சிக்கல் ஊரைத் தாண்டியதும் பாக்கர் சொன்னார்: "நான் பிரிச்சிருக்கணும் தாயி."

"நீங்க பிரிக்கிற ஆளா இருந்தா, நாப்பத்தொரு பேரும் ஒங்க விலாசத்தக் குடுத்திருப்பமாண்ணே?"

ஆறுதலாகத்தான் சொன்னாள். அவர் அதற்குப் பிறகு விலக்கு வரும்வரை அவள் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் சாயங்காலம் உப்பள வேன் வந்து நின்றது. முத்தழகு இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கம்பியைப் பார்க்கவில்லை, கேட்கவில்லை. பாக்கர் டீயை ஆற்றிக் கொண்டுவந்து வைத்தார். வைத்த பிறகும் போகாமல் நின்றார்.

"இல்ல தாயி," என்றார்.

"தெரியும்ணே," என்று சொல்லிவிட்டு, குனிந்து காலில் காய்ந்திருந்த உப்பைத் தட்டிவிட்டாள்.