ட்ரையர் சுவரின் சூடு

இஸ்திரிக்காரர் கொடுத்துவிட்டுப் போன சட்டைகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அடியிலிருந்த ஒன்றில் சூடு மிச்சமிருந்தது. அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். நிறம் பார்த்துச் சட்டை அடுக்குகிற கறாரான ஆள் நான், இப்படி நிற்பதைப் பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். என் மனைவி எஸ்தர் சிரித்திருக்கமாட்டாள்.

எழுபதுகளின் நடுவில், வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில், தேயிலையைக் காய வைக்கும் ட்ரையர் அறையில் எனக்கு வேலை. தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு உள்ளே போகக்கூடாது. ஈரத்துணி கூடவே கூடாது. எந்த வாசத்தையும் தேயிலை இழுத்துக்கொள்ளும். கல்யாணத்துக்கு மறுநாள் மல்லிகை மணத்தோடு போய்த் திட்டு வாங்கியவன் நான்.

ஆடி மழையில், எட்டாம் மாதத்திலேயே எங்கள் மகள் பிறந்தாள். "சூடு விடாமப் பாத்துக்கிடுங்க, அதான் மருந்து" என்றார் கம்பவுண்டர். எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டில் விறகெல்லாம் ஈரம். மூட்டினால் புகைதான், குழந்தை இருமினாள். ஒரு துணிகூடக் காயவில்லை.

ஃபேக்டரியில் தேயிலை சலிக்கும் சவரியம்மாக்கா என் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். "ஏலே, ட்ரையருக்குப் பின்னால, எறவாரத்துக்கு அடியில, வெளிச்செவுரு கொதிக்கில்லா? அதுல விரியேன். ஒம் புள்ள மூத்திரம் செவுரு தாண்டி வந்து தேயிலைல ஏறாது."

விரித்தேன். வேலை முடிந்ததும் துணிகளைச் சட்டைக்குள் செருகி, தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஓடுவேன். எஸ்தர் மகளை அதில் சுற்றுவாள். "மோந்து பாருங்க, தேயிலையாட்டம் மணக்கா. தொரை கண்டா சீமைக்கு ஏத்திருவாரு." அந்த மழையில் நாங்கள் சிரித்தது அப்போது மட்டும்தான்.

பிறகு மலைப்பாதையில் மண் சரிந்தது. விறகு லாரி வரவில்லை, ட்ரையர் நின்றது. சுவர் ஆறிவிட்டதை நம்பாமல் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்தேன். எஸ்தர் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு படுத்தே கிடந்தாள். லாரி வருவதற்குள் மகள் போய்விட்டாள்.

ஃபேக்டரி மறுபடி ஓடிய அன்று எஸ்தர் கேட்டாள்: "அந்தத் துணி ஒண்ணச் சூடாக் கொண்டாங்க."

"பால் கட்டிருக்கா?"

"அதுக்கில்ல."

மார்பில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். குழந்தை போன பிறகு அவள் தூங்கியது அன்றைக்குத்தான். மழைக்காலம் முடியும்வரை தினமும் கொண்டுபோனேன். வழியில் நானும் முகத்தைப் புதைத்துக்கொள்வேன்.

இப்போது அந்த ஃபேக்டரி இல்லை. பறிக்கிற கொழுந்து வேறெங்கோ போகிறது. போன வருஷம் இருவரும் போயிருந்தோம். மகளைப் புதைத்த சரிவில் பழைய செடிகளைப் பிடுங்கிவிட்டுக் கன்று நட்டிருந்தார்கள். நாங்கள் நட்ட கல்லைக் காணவில்லை. எஸ்தர் குனிந்து ஒவ்வொரு கன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். எந்த இடம் என்று என்னாலும் சொல்ல முடியவில்லை.