டீசல் மட்டும்

முனைவர் செல்லம்மாள் காலமாகிவிட்டார்கள் என்று அவர்களுடைய அண்ணன் மகள் தொலைபேசியில் சொன்னபோது, எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல, எரிச்சல். சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார்களே என்ற எரிச்சல். எங்களுக்கு ஒருவரை ஒருவர் பிடிக்காது. அதை மறைத்து அஞ்சலி எழுத எனக்குத் தெரியாது.

அவர்கள் திருவாடானைப் பக்கத்து விவசாயக் குடும்பம். கடலோர ஆய்வுக்கூடம் ஒன்றில் எதிரெதிர் மேசையில் வேலை பார்த்தோம். பாம்பனில் படகுகள் கழிவு எண்ணெயைக் கொட்டும் கரையில் முழங்கை வரை கையை விட்டுக் கரிய சேற்றை அள்ளி வருவார்கள். அறை முழுக்க டீசல் நாற்றம். முகம் சுளித்தேன்.

“இங்கன எதுவும் உசுரோட இருக்காதுன்னு நெனைக்கீக. டீசலையே சோறாத் திங்கிற ஒண்ணு இதுக்குள்ள இருக்கு சார்” என்றார்கள். நான் சிரித்தேன். “சிரிங்க. பல்லு நல்லாத்தான் இருக்கு.”

நான்கு வருடம் கழித்து அந்த ஒன்று கிடைத்தது. உப்புநீரும் டீசலும் மட்டுமே இருந்த குடுவையில் வாழ்ந்த, மஞ்சள் நிற பாக்டீரியா. மேலே மிதந்த எண்ணெய்ப் படலத்தைச் சில நாளில் உடைத்துவிடும். அதுவரை அறிந்த எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை. வெளியூர் ஆய்வகம் ஒன்று உயிருள்ள மாதிரியைச் சோதித்து ஒப்புக்கொண்டால், புதிய இனமென்று பெயர் சூட்டலாம்.

அந்த நேரத்தில் அவர்களுடைய அப்பா இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம் முடித்துத்தான் திரும்ப முடியும். வேறு வழியில்லாமல் என்னிடம் ஒப்படைத்தார்கள். “வாரம் ஒருக்க புதுக் குடுவைக்கு மாத்துங்க சார். டீசல் மட்டும். வேற எதையும் கண்ணுல காட்டாதீக.”

இரண்டாம் வாரம் வளர்ச்சி மங்கியது. செத்துவிட்டால் என்னைத்தான் கடித்துக் குதறுவார்கள் என்று பயந்து, இறைச்சிச் சாறும் பெப்டோன் என்ற புரதச் சத்தும் கலந்த தட்டில் ஏற்றினேன். ஒரே நாளில் கொழுகொழுவென்று வெள்ளையாக வளர்ந்தது. அதிலிருந்து மறுபடி டீசல் குடுவைக்கு மாற்றினேன். பழைய குடுவைகளைச் சனிக்கிழமை வழக்கப்படி கழுவிக் கவிழ்த்தேன். திரும்பியதும் அவர்கள் அவசரமாக மாதிரியை அனுப்பினார்கள். இது டீசலைத் தொடவே இல்லை என்று பதில் வந்தது.

சுலபமான சாப்பாடு கிடைத்தால் இந்த வகை பாக்டீரியா எண்ணெய் தின்னும் திறமையை இழந்துவிடலாம். இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

“சத்தியமாச் சொல்லுங்க. விருந்து வச்சீகளா?”

“டீசலைத் தவிர எதுவும் ஊத்தலை” என்றேன்.

அடுத்த கூட்டத்தில் ஆய்வுக்கூடத் தலைவர் எல்லோர் முன்னிலையிலும், அவர்களுடைய முடிவுகள் இட்டுக்கட்டியவை என்றார். செல்லம்மாள் என்னைப் பார்த்தார்கள். நான் மேசையைப் பார்த்தேன். அதன்பின் ஓய்வுபெறும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மாதாமாதம் பாம்பனுக்குச் சேறு அள்ளப் போனார்கள். சேற்றுக் கிறுக்கி என்று ஆய்வுக்கூடத்தில் மற்றவர்கள் பட்டப்பெயர் வைத்தார்கள். அதற்கும் நான் சிரித்தேன்.

இறுதிச் சடங்குக்குப் பட்டப்பெயர் வைத்தவர்களே மாலையோடு வந்திருந்தார்கள். ஈடு இணையற்ற ஆய்வாளர் என்று ஒருவர் பேசினார். வாயை மூடுமய்யா என்று கத்தத் தோன்றியது. கத்த எனக்கு என்ன யோக்கியதை?

எல்லோரும் போனபின் அண்ணன் மகள் என்னைச் சமையலறைக்கு அழைத்தார். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சோதனைக்குழாயை எடுத்தார். “அத்தை இத உங்ககிட்டத்தான் குடுக்கச் சொன்னாக. வேற யாருட்டயும் குடுக்கக் கூடாதுன்டாக.”

உள்ளே மஞ்சள் நிறம். மறுபடியும் கண்டுபிடித்திருக்கிறார்கள், யாரிடமும் சொல்லவில்லை. குழாயில் சுற்றியிருந்த தாளில் அவர்கள் கையெழுத்து:

“டீசல் மட்டும். இந்தத் தடவையாவது.”

அந்த இடத்திலேயே அழுதேன்.

உப்புநீரில் டீசல் விட்டு, அதை மட்டும் விட்டு, வைத்துப் பார்த்தேன். ஐந்தாம் நாள் படலம் உடைந்தது. அதே வெளியூர் ஆய்வகத்துக்கு அவர்கள் பெயரில் மாதிரியை அனுப்பியிருக்கிறேன். அன்று நடந்தது என்ன என்று கூடவே ஒரு கடிதமும் வைத்தேன். அதன் நகல் பழைய தலைவருக்கும் போயிருக்கிறது.

போய் வாருங்கள், அம்மா. விருந்து வைத்தவன் நான்தான்.